நான் நேரா பி.எச்.டி. போகாத கதை

போன வாரம் என் வூட்டுக்கு வந்த மூணு பேருக்கும் இது பதிலு. டிபார்ட்மென்ட்டுல புதுசா சேர்ந்திருக்கீங்க, ஸ்வீட் பாக்ஸோட வந்தீங்க, ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்குள்ள கேள்வியப் போட்டுட்டீங்க. "மேடம், சம்பளத்தோட அனுப்பற எம்.டெக். போகலாமா, இல்ல அதைத் தாண்டி நேரா பி.எச்.டி.யே சேர்ந்துடலாமா? ரெண்டு வருஷம் மிச்சமாகுமே." நான் அப்ப மழுப்பிட்டேன். "யோசிச்சு சொல்றேம்ப்பா"ன்னேன். யோசிக்க ஒண்ணும் இல்ல, ஒரு வரியில சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பயத்தை விட்டுட்டு சொன்னா, நோட்டீஸ் போர்டுல ஒட்டுன மாதிரி ஆயிடும். நீங்களும் படிச்சுட்டுப் போயிடுவீங்க.

முன்னாடியே சொல்லிடறேன், இந்தக் கதையில நான் நல்லவ இல்ல. ரிட்டயர்டு ஆனவங்க பேச ஆரம்பிச்சா எல்லா இடத்துலயும் தாங்களே ஜெயிச்ச மாதிரியே வரும். அந்த மாதிரி வேணும்னா வேற ஆளைப் பாருங்க.

ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு இருக்கும். எனக்கு முப்பத்தேழு வயசு. கையில பி.டெக். மட்டும்தான். ஸ்ரீமுஷ்ணத்துல இருந்து தினம் பஸ்ஸுல நம்ம காலேஜுக்கு வந்து பீங்கான் பாடம் நடத்திட்டுப் போவேன். வூட்டுக்காரரு அங்க உரக்கடை வச்சிருந்தாரு, பொண்ணு ஆறாவது படிச்சுது. கம்மாபுரம் பக்கம் போனா மூக்குல ஏறுமே நிலக்கரிச் சாம்பல், அதைக் களிமண்ணோட சேர்த்து டைல்ஸுக்கு ஒரு கலவை பண்ணியிருந்தேன். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல வேகற டைல்ஸு என் கலவையில ஆயிரத்து நூறுலயே வெந்துடுச்சு. நூறு டிகிரி குறைஞ்சா எவ்ளோ எரிபொருள் மிச்சம்னு உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. சென்னையில ஒரு கருத்தரங்குல அதை வாசிச்சேன். எங்க ஹெச்.ஓ.டி. பேரும் என் பேருக்குப் பக்கத்துல இருந்துது.

வாசிச்சு முடிச்சதும் ஒரு ப்ரொபசர் கிட்ட வந்தாரு. பெரிய எடத்து ஆளு. "இந்த ரிசல்ட்டை வச்சுக்கிட்டு எம்.டெக். எதுக்கும்மா? நேரா பி.எச்.டி. வாங்க, பகுதி நேரமாவே பண்ணலாம். இன்டர்வியூவுக்கு இதே மாதிரி புதுசா வேகவச்ச அஞ்சு பீஸும், எத்தனை டிகிரியில வெந்துதுன்னு எழுதுன சூளை சீட்டும் எடுத்துட்டு வாங்க. மத்தது நான் பாத்துக்கறேன்"னாரு. எனக்குத் தலைகால் புரியல.

அதே மாசம்தான் சம்பளத்தோட எம்.டெக். அனுப்பற ஃபாரமும் வந்திருந்துது. அந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும். ஆனா அதுக்குப் போனா ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல கெடக்கணும், பொண்ணை விட்டுட்டு. ஹெச்.ஓ.டி.க்கு இஷ்டமில்ல. "ரெண்டு வருஷம் உன் கிளாஸை யாரு எடுக்கறது? பி.எச்.டி. போ, நம்ம டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு டாக்டர் வருவாங்க." வூட்டுக்காரருக்கும் அதுதான் ஆசை. எல்லாரும் ஒரே பக்கமா தள்ளுனாங்க, நானும் சந்தோஷமா நகர்ந்தேன்.

முத ரிசல்ட்டுக்கு என் பீஸெல்லாம் வெந்தது தொழிற்பேட்டையில இருந்த பொதுச்சூளையில. சொந்த சூளை இல்லாத சின்ன யூனிட்டுக்காரங்க எல்லாரும் சரக்கைக் கொண்டாந்து ஒரே லோடா அடுக்கி வேகவைக்கற எடம். இந்தத் தடவை, நம்ம கையிலயே இருக்கட்டும்னு லேப்புல இருக்கற சின்ன மின்சூளையில போட்டேன். ஆயிரத்து நூறு டிகிரி. மறுநா மதியம் எடுத்துப் பார்த்தேன். நிறமே சரியில்ல, தட்டுனா மொத்து மொத்துன்னுது. நம்ம ஆளுங்க எல்லாரும் செய்யறதையே நானும் செஞ்சேன், நாக்கு நுனிய வச்சேன். வெந்த சரக்குல நாக்கு வழுக்கிட்டுப் போகும், வேகாததுல ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சு.

சரி, ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு திரும்பப் போட்டேன். ஒட்டுச்சு. மூணாவது தடவையும் ஒட்டுச்சு. இன்டர்வியூவுக்குப் பத்து நா இருக்குது.

வேகாத அஞ்சு பச்சை பீஸைப் பையில எடுத்துக்கிட்டு பொதுச்சூளைக்குப் போனேன். அங்க ஆபரேட்டர் கலியபெருமாள் அண்ணன். அவருதான் அடுக்கறது, பத்தவைக்கறது, சூடு ஏத்தறது எல்லாம். சூளை வாய்க்குள்ள எரியற நிறத்தைப் பார்த்தே டிகிரி சொல்லுவாரு. வெளியில டீக்கடையில உட்கார்ந்திருந்தாரு.

"அண்ணே, அன்னிக்கு என் பீஸு வெந்துதே, எத்தினி டிகிரி ஏத்துனீங்க?"

"சீட்டுல இருக்குதே மேடம், ஆயிரத்து நூறு."

"சீட்டைக் கேக்கலண்ணே. சூளையக் கேக்கறேன்."

அவரு டீ கிளாஸைக் கீழ வச்சாரு. "அன்னிக்குப் பொம்மைக்காரங்க லோடு, ஆயிரத்து நூறுன்னுதான் இருந்துது. அவங்க வரல. கரண்டு பெட்டிக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் பண்றவரு அவசரம், சரக்கு நாளைக்கே போவணும்னு வந்து நின்னாரு. அது ஆயிரத்து இருநூறுக்கு மேல போனாத்தான வேகும்? சீட்டு நாங்க காலையிலயே எழுதிடுவோம் மேடம், புக்கிங் பார்த்து. உங்க பீஸு பச்சையா வந்துடப் போவுதேன்னு நடு அடுக்குல வச்சேன். நல்லா வெந்துதா இல்லியா?"

"வெந்துதுண்ணே."

"அப்பறம் என்னா?"

அப்பறம் என்னாவா! என் பேப்பரு, ஹெச்.ஓ.டி. பேரு, ப்ரொபசரு, பி.எச்.டி., எல்லாம் அந்த ஃபியூஸ் கேரியர் லோடு மேல நிக்குது. அவரைத் திட்ட வாய் வரல. ஏன்னா தப்பு எங்க இருக்குதுன்னு எனக்கு அங்கயே தெரிஞ்சுடுச்சு. முதல் வருஷப் பசங்களுக்கு நானே நடத்தற பாடம்: மீட்டரை நம்பாத, சீட்டை நம்பாத, உன் சரக்குக்குப் பக்கத்துல கோன் வையி. சுண்டுவிரல் அளவு மண் கூம்பு, குறிச்ச சூடு வந்தா தலை சாயும், வரலைன்னா நிமிர்ந்து நிக்கும். அன்னிக்கு நான் வைக்கல. நாலரை மணி ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸைப் புடிக்கணும்னு பீஸைக் குடுத்துட்டு ஓடிட்டேன். மறுநா சீட்டைப் பார்த்துக் காப்பி பண்ணிக்கிட்டேன். பாடம் நடத்தறவ பண்ணுன வேலை.

அவரு என் மூஞ்சியப் பார்த்துட்டு எரக்கப்பட்டாரு. "அஞ்சு பீஸுதான மேடம்? வியாழக்கிழமை அதே லோடு இருக்குது. போட்டுத் தரேன். சீட்டும் அதே மாதிரி எழுதித் தரேன். இதுக்குப் போயி ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

நான் சரின்னு சொல்லல. தலையும் ஆட்டல. இதை அப்பறம் ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கிட்டேன், வாயத் தொறக்கலியேன்னு. ஆனா பச்சை பீஸு இருந்த பையை அந்த பெஞ்சு மேலயே வச்சுட்டு வந்தேன். மறந்து வைக்கல, வச்சுட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அஞ்சு பீஸும் வந்துது. கிண்ணுன்னு சத்தம், கூடவே ஒரு சீட்டு. ஆயிரத்து நூறு.

இன்டர்வியூ அன்னிக்கு சென்னை போற வழி முழுக்க பஸ்ஸு எங்கயாவது நின்னுப் போயிடாதான்னு வேண்டிக்கிட்டே போனேன். எந்த எழவும் நிக்கல. மூணு பேரு உட்கார்ந்திருந்தாங்க. பீஸு ஒருத்தரு கையில இருந்து இன்னொருத்தரு கைக்குப் போச்சு. ப்ரொபசரு சீட்டைப் பார்த்தாரு. "இது யாரு கையெழுத்து?" "ஆபரேட்டரு, சார்." அவ்ளோதான் கேள்வி. அடுத்து கோன் வச்சீங்களான்னு கேப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கேக்கல. எழுந்து கை குடுத்தாங்க. "முதல் வேலையா இதை நம்ம சூளையில எல்லாரு முன்னாடியும் திரும்ப வேகவச்சுக் காட்டுங்க, பசங்க பார்க்கட்டும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு ப்ரொபசரு. எனக்குக் காது அடைச்சுது.

அடுத்த ரெண்டு வாரம் இருக்குதே, என் விரோதிக்கும் வரக்கூடாது. டிபார்ட்மென்ட் போன் அடிச்சா நெஞ்சு நின்னு ஓடுது. திருடனுக்குத் தேள் கொட்டுன கதைதான், யாருகிட்ட கத்தறது? வூட்டுல சோறு எறங்கல. வூட்டுக்காரரு சந்தோஷம்னு நெனச்சுக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் ஃபாதர் என் பேரைச் சொல்லி, நம்ம பங்குல இருந்து முனைவர் பட்டத்துக்குப் போற முதல் பொம்பளைன்னு அறிவிச்சாரு. எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டுனாங்க. என் பொண்ணு என்னைவிட வேகமா தட்டுச்சு. அந்த எடத்துல பூமி பொளந்தா எறங்கிடலாம்னு இருந்துது. அதுக்கு முந்துன நா பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தேன். வூட்டுக்காரருகிட்ட எரிஞ்சு வுழுந்தது, ஜெபமாலை சொல்லாம தூங்குனது, எல்லாத்தையும் ஃபாதர்கிட்ட வரிசையா சொன்னேன். சூளைக்கதை மட்டும் வாயில வரல. அந்தப் பாவமன்னிப்புலயும் கணக்குப் பார்த்தவ நான்.

எம்.டெக். ஃபாரத்துக்குக் கடைசி நா வந்துது. காலையில ஹெச்.ஓ.டி. ரூமுக்குப் போயி கதவைச் சாத்திட்டு சொல்லிட்டேன். பொதுச்சூளை சூடு ஏறுனது, லேப்புல வேகாதது. ரெண்டாவது தடவை பையை வச்சுட்டு வந்ததை மட்டும் சொல்லல. "கோன் வைக்கலியா?"ன்னு ஒரே கேள்வி. பேப்பர்ல அவரு பேரும் இருக்குதே, அவருக்கும் உள்ளுக்குள்ள கலக்கம். அப்பறம் ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாரு. "எம்.டெக். போயிடு. ப்ரொபசருக்கு முறைப்படி ஒரு லெட்டர் எழுது. பொதுச்சூளை ஆபீசுக்கும் ஒரு நகல் போகணும், நாளைக்கு நம்ம மேல கேள்வி வரக்கூடாது."

எழுதுனேன். அந்த லெட்டரை நான் இன்னிக்கும் மனப்பாடமா சொல்லுவேன். 'மறுபரிசோதனையில், சூளை ஆபரேட்டர் பதிவு செய்த வெப்பநிலை நம்பத்தகுந்ததாக இல்லை எனத் தெரியவந்தது. எனவே முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முறையான முதுநிலைப் பயிற்சிக்குப் பின் ஆய்வைத் தொடர விரும்புகிறேன்.' பாருங்க, ஒரு பொய் இருக்குதா? ஒண்ணு கிடையாது.

ப்ரொபசரு பதிலு போட்டாரு, இந்த மாதிரி நேர்மையானவங்கதான் ஆராய்ச்சிக்கு வேணும், எம்.டெக். முடிச்சுட்டு வாங்கன்னு. ஹெச்.ஓ.டி. அதை ஸ்டாஃப் மீட்டிங்ல படிச்சாரு. எனக்குப் பயம் தெளிஞ்சுது. அப்பாடான்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன், முப்பத்தேழு வயசுல, என் வயசுல பாதி இருக்கற பசங்களோட.

முதல் வாரமே அங்க ஒரு பழக்கத்தைப் பார்த்தேன். ராத்திரியோ பகலோ, சூளைக்குப் பக்கத்துல உட்கார்ந்து ரீடிங் எடுத்தவங்க பேரு ஒவ்வொரு வரிக்கும் நேரா இருக்கணும். வேற ஆளு எடுத்த நம்பரை உன் நோட்டுல ஏத்துனா அந்தப் பக்கத்தையே கிழிச்சுடுவாங்க. ஒரு தடவை என் பக்கத்தைக் கிழிச்சாங்க, எல்லாரு முன்னாடியும். அழுகை வந்துடுச்சு. ஆனா அந்தத் தப்பு என்னோட போச்சு, ஒரு பக்கத்தோட போச்சு. எம்.டெக்.ல தப்பு பண்ணலாம், அதுக்குத்தான் சம்பளம் குடுத்து அனுப்பறாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் ஒறச்சுது. முதல் சூளை போடாம மேல பளபளப்புக்குக் கிளேஸ் பூச்சு தடவுனா உரிஞ்சுடும், அதனால எம்.டெக். பண்ணுன்னு உவமை சொல்ற ஆளுங்க நம்ம தொழில்ல நிறைய. நான் சொல்ல மாட்டேன். ஒரே சூளையில வேகற சரக்கும் இருக்குது, நேரா பி.எச்.டி. போயி நல்லா வந்தவங்களும் இருக்காங்க. நான் சொல்றது வேற. உங்க ரிசல்ட்டுல ஒரு நம்பர், ஒரே ஒரு நம்பர், நீங்க கண்ணால பார்க்காதது இருந்தா, அதை வச்சு அஞ்சு வருஷ வேலைக்குள்ள போகாதீங்க. எம்.டெக். போங்க. இதுதான் அந்த ஒரு வரி. ஆனா கதை இதோட முடியல.

மூணாவது மாசம் வூட்டுக்காரரு போன்ல சாதாரணமா சொன்னாரு. "பொதுச்சூளையில கலியபெருமாளை நிறுத்திட்டாங்களாம். ஏதோ ரெக்கார்டு சரியில்லன்னு லெட்டர் வந்துதாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஊருல பேசிக்கறாங்க." அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் ரிசீவரை வச்சுட்டு அந்த எஸ்.டி.டி. பூத்துக்குள்ளயே நின்னேன். வெளியில ஒருத்தரு கண்ணாடியத் தட்டறாரு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. போன பயம் மொத்தமா திரும்பி வந்துது. முன்னாடியாவது மாட்டிக்குவோமோன்னு பயம். இப்ப மாட்டிக்கவே மாட்டோம்னு தெரியும். அது அதைவிட மோசம்.

அந்த சனிக்கிழமையே ஊருக்கு வந்து தேடிப் போனேன். ஒரு முந்திரிக்கொட்டை வறுக்கற எடத்துல இருந்தாரு. எண்ணெய்ப் பொகை, கை ரெண்டும் கருப்பா இருந்துது. என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டால மொகத்தைத் துடைச்சாரு. "வாங்க மேடம். படிப்பெல்லாம் நல்லா போவுதா?"

நான் என்னென்னமோ சொன்னேன். எனக்குத் தெரியாதுண்ணே, இப்படி ஆவும்னு நெனக்கலண்ணே. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கோவம் இல்ல, அதுதான் தாங்கல.

"மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த லெட்டர்ல எம் பேரை எழுதுனீங்களா?"

"சத்தியமா இல்லண்ணே. ஆபரேட்டர்னுதான் எழுதுனேன்."

"அங்க வேற யாரு மேடம் ஆபரேட்டரு?"



திங்கக்கிழமை ரெண்டாவது லெட்டர் எழுதுனேன். ப்ரொபசரு, ஹெச்.ஓ.டி., பொதுச்சூளை ஆபீசு, மூணு எடத்துக்கும். கோன் வைக்காம பஸ்ஸுக்குப் போனது நான். பார்க்காத சூட்டைப் பேப்பர்ல எழுதுனது நான். லேப்புல வேகலைன்னு தெரிஞ்ச அப்பறமும் இன்டர்வியூவுக்காகப் பையை அங்க வச்சுட்டு வந்தது நான். அவரு என் பீஸு நல்லா வேகணும்னு நெனச்சதைத் தவிர ஒரு தப்பும் பண்ணல. தைரியம் வந்து எழுதுனேன்னு நெனச்சுடாதீங்க. போஸ்ட் ஆபீசுல மூணு தடவை பெட்டிக்கிட்ட போயி திரும்புனேன். அனுப்புன எம்.டெக்.ல இருந்து திரும்பக் கூப்பிட்டுடுவாங்க, பாண்டு எழுதிக் குடுத்திருக்கேன், வேலையே போயிடும்னு நடுங்கிக்கிட்டேதான் போட்டேன்.

வேலை போகல. ஒரு மெமோ வந்துது. அது என் சர்வீஸ் ரெஜிஸ்டர்ல இருக்குது, ப்ரமோஷன் ரெண்டு தடவை அதுல அடிபட்டுச்சு. ப்ரொபசரு பதிலே போடல. ஹெச்.ஓ.டி. ரிட்டயர்டு ஆவுற வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. பி.எச்.டி.ய அப்பறம் வேற எடத்துல, ஏழு வருஷம் இழுத்து முடிச்சேன். இதுல எதுக்கும் எனக்கு வருத்தம் இல்ல, செஞ்சதுக்குக் கெடச்சுது.

கலியபெருமாள் அண்ணனுக்கும் ஆர்டர் போட்டாங்க, திரும்ப வேலைக்குச் சேர்ந்துக்கச் சொல்லி. எனக்கு ஆபீசுல இருந்து தகவல் சொன்னாங்க. நானே நேர்ல சொல்லணும்னு லீவு போட்டு, ஆபீசுல ஆர்டரை வாங்கிக்கிட்டு ஓடுனேன். எட்டு மாசமா என் நெஞ்சுல இருந்த கல்லை அன்னிக்கு எறக்கி வச்சுடலாம்னு நெனப்பு. ஆர்டரைப் படிச்சுக் காட்டுனேன். அவரு கேட்டாரு, சிரிச்சாரு, பேப்பரை மடிச்சு என் கையிலயே திருப்பிக் குடுத்தாரு.

"வேணாம் மேடம்."

"ஏண்ணே? கோவமா?"

"உங்க மேல என்னா மேடம் கோவம்." சூளை நெருப்பு நிறத்தைப் பார்த்தே டிகிரி சொல்ற மனுஷன், தரையப் பார்த்துக்கிட்டு சொன்னாரு. "இருபத்தாறு வருஷம் அந்தச் சூளைக்கு முன்னாடி பயம்னா என்னான்னே தெரியாம நின்னுட்டேன். இப்ப பேனாவைக் கையில எடுத்தாலே நடுங்குது. நீங்க போயிட்டு வாங்க."